தோழர் நடுவே தளராத விசுவாசம்
தூய தேவசகாயத்தின் வாழ்வு நம் பிள்ளைகளுக்குத் தரும் பாடம்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அண்டி வாழும் நம் பெற்றோர் பலருக்கு ஒரு கவலை உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியிலும், விடுதியிலும், ஐ.டி.ஐ.யிலும் பலதரப்பட்ட தோழர்களோடு பழகுகின்றனர். கழுத்திலுள்ள சிலுவையைக் கேலி செய்வோர் உளர். ஞாயிறு திருப்பலியை விட்டு விளையாட வரும்படி அழைப்போரும் உளர். நாளடைவில் பிள்ளை கோவிலுக்கு வரவே கூசுகிறான். இக்கவலைக்கு வழிகாட்டும் வாழ்வு ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில், 1712 ஏப்ரல் 23 அன்று இந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. வளர்ந்தபின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். 1741 இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். ஆடுமாடுகள் மடிந்து, பொருளிழந்து, நீலகண்டர் மனமுடைந்திருந்த வேளையில், கத்தோலிக்கரான அந்நண்பர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்துத் தேற்றினார். அந்த ஆறுதலே விசுவாசத்தின் வித்தாயிற்று.

வடக்கன்குளத்தில் பணியாற்றிய சேசு சபைக் குரு புத்தாரி அடிகளார், வரக்கூடிய இன்னல்களை எண்ணி முதலில் தயங்கினார். நீலகண்டரின் உறுதியைக் கண்டபின், 1745 மே 14 அன்று தேவசகாயம் என்னும் பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்பதன் தமிழாக்கமே அப்பெயர். அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயருடன் திருச்சபையில் சேர்ந்தார்.

சோதனை அதன்பின் தொடங்கியது. சாதியால் தாழ்த்தப்பட்ட மக்களோடு தேவசகாயம் சமமாய்ப் பழகி உண்டார். அரண்மனையில் உடன் இருந்தோருக்கு இது பொறுக்கவில்லை. நேற்றுவரை மதித்தவர்கள் இன்று பழி சுமத்தினர். 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் விலங்கிடப்பட்டார், அடிக்கப்பட்டார், எருமை மீதேற்றி ஊர் ஊராய் இழுத்துச் செல்லப்பட்டார். ஊரார் முன் அவமானப்படுத்தினால் அவர் தளர்ந்துவிடுவார் என்பது பகைவர் எண்ணம். அவரோ தம்மைக் காண வந்த எளியோருக்கு ஆறுதல் கூறினார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று முத்திப்பேறு பெற்ற அவர், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பெற்றோரே, இவ்வாழ்வில் ஒன்றைக் கவனியுங்கள். இவரைக் கிறிஸ்துவிடம் கொணர்ந்ததும் உடன் பழகியவரின் நட்பே. இவரை வதைத்ததும் உடன் பழகியவரின் பகையே. ஆகவே தோழர்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வீட்டிற்குள் பூட்டி வைப்பது மருந்தாகாது. நல்ல தோழன் ஒருவனைத் தேடிக்கொடுப்பதே மருந்து. மறைக்கல்வி வகுப்பிலோ பீடச்சிறுவர் குழுவிலோ அத்தகைய ஒரு துணை கிடைத்துவிட்டால், பத்துப் பேர் கேலி செய்தாலும் பிள்ளை தாங்கிக்கொள்வான்.

ஷிப்டு வேலையால் தந்தை இரவில் வீட்டில் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே பல. மாலைச் செபத்திற்கு இயலாவிடில் காலையில் ஐந்து நிமிடமாவது குடும்பமாய்க் கூடுங்கள். தேவசகாயமும் ஞானப்பூவும் ஒரே விசுவாசத்தில் இணைந்திருந்தது போல, தாயும் தந்தையும் ஒருமனப்பட்டிருப்பதைப் பிள்ளை காணட்டும். பள்ளியில் நடந்த கேலியைப் பிள்ளை சொல்லும்போது, அதட்டாமல் முழுவதும் கேளுங்கள். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையே வெளியில் தளர்கிறான்.

பிறசமயத் தோழரை இகழவும் கற்பிக்க வேண்டாம். நம் புனிதரும் இந்துக் குடும்பத்தில் பிறந்தவரே. யாரையும் வெறுக்காமல், எவருக்கும் அஞ்சாமல் தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும் பிள்ளையே நம் பங்கின் உண்மையான ஜூபிலிக் காணிக்கை.

தூய தேவசகாயம் நம் பிள்ளைகளுக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக!