தள்ளுவண்டியும் மண்வெட்டியும்: டாம் மாரிஸ்

கோல்ஃப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது டிவியில் தெரியும் பச்சைப் புல்லும், நடுநடுவே பங்கர் எனப்படும் மணல் குழிகளும்தான். அந்தப் புல் தானாக அப்படி இருப்பதில்லை. மைதானப் பராமரிப்பை ஒரு தனித் தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான டாம் மாரிஸ். மகனுக்கும் அதே பெயர் என்பதால் அப்பாவை ஓல்ட் டாம் என்பார்கள்.

1821 ஜூன் 16-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊரில், ஒரு கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். வேகவைத்த இறகைத் தோல் உறைக்குள் திணித்துத் தைத்ததுதான் அந்தக் காலத்துப் பந்து. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும். பிறகு மலேயா பக்கத்து மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்தது. பிழைப்பு போய்விடுமே என்று முதலாளி அதை வெறுத்தார். டாம் அதை வைத்து ஆடியது தெரிந்ததும் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

1851-ல் மேற்குக் கரையில் உள்ள பிரெஸ்ட்விக்கில் மைதானக் காப்பாளர் வேலை கிடைத்தது. அங்கே 12 குழி மைதானத்தை அமைத்தவர் அவரே. 1860-ல் அங்கே தொடங்கிய ஓபன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். 1861, 1862, 1864, 1867 ஆண்டுகளில் சாம்பியன். கடைசியாக வென்றபோது வயது 46. அந்த வயதில் ஓபனை வென்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய கோப்பைகளைப் பற்றி அல்ல. 1864-ல் சொந்த ஊர் கிளப் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு, மைதானச் செலவுக்கு 20 பவுண்டு. ஒரு தள்ளுவண்டி, மண்வெட்டி, மண் அள்ளும் கருவி. கனமான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள். லெட்ஜரிலேயே காலம் தள்ளிய எனக்கு, இந்த 20 பவுண்டில் 18 குழி மைதானத்தை எப்படிச் சமாளித்தார் என்பதுதான் முதல் ஆச்சரியம். மைதானமோ முள்புதர் மண்டி, குறுகிப் போய், புல் தேய்ந்து கிடந்தது.

புதரை வெட்டி ஆடும் பாதையை அகலமாக்கினார். புது கிரீன்கள் போட்டார் (கிரீன் என்பது குழியைச் சுற்றி வழுவழுப்பாக வைக்கும் புல்தரை). அதில் அவர் கையாண்ட மருந்து மணல். பிரெஸ்ட்விக்கில் ஒருமுறை வண்டி மணல் புல்லின் மேல் கொட்டிவிட்டது என்றும், சில நாளில் அந்த இடத்தில் மட்டும் புல் செழித்ததைப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். கதை எப்படியோ, காரணம் சரியானது. மணல் சின்னச் சின்னப் பள்ளங்களை நிரப்பும், தண்ணீரைத் தேங்க விடாமல் கீழே இறக்கும். உதவியாளர் ஹனிமேன் நாள் முழுக்க அவரிடம் கேட்டது, இன்னும் மணல் போடு என்ற ஒரே உத்தரவைத்தானாம்.

மணல் குழிகளின் கதை வேறு. ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களைக் காற்று குடைந்து குடைந்து பெரிதாக்கியதால் உண்டானவை அவை. விட்டுவிட்டால் காற்று கரையைத் தின்றுகொண்டே போகும். அதனால் புல்பத்தைகளை வெட்டி, செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். அதுவும் நிரந்தரம் இல்லை. வெயில் படும் பக்கம் முதலில் காய்ந்து சரியும். சில ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கட்டியாக வேண்டும். ஆட்டம் குறையும் குளிர்காலம்தான் அதற்குக் காலம். இன்றும் அங்கே குளிர்காலம் வந்தால் இந்த வேலை நடக்கிறது.

குழியை மூடினாலும் வம்புதான். 1869 வாக்கில் ஒரு குழியைத் தூர்த்துவிட்டார்கள். சதர்லாண்ட் என்ற உறுப்பினர், வழக்குப் போடுவேன் என்கிற அளவுக்குக் கொதித்துப் போனார். சில நாளில் யாரோ இரவோடு இரவாக அதைத் திரும்பத் தோண்டிவிட்டார்களாம். இன்றும் அந்தக் குழிக்குச் சதர்லாண்ட் என்றே பெயர். நம் பொதுக்குழுவில் பார்க்கிங் விவாதத்தை நேரில் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

டாம் பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அவர் தேவாலயப் பற்றுள்ளவர். ஆனாலும் மனிதனுக்கு வேண்டாவிட்டாலும் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. அதே ஓய்வுக்காக, ஒரு வாரம் வலமாகவும் மறு வாரம் இடமாகவும் மைதானத்தைச் சுற்றி ஆடும் வழக்கமும் இருந்தது. ஒரே இடம் மிதிபடாது அல்லவா? போட்டிகள் நடக்கும் சில நாட்கள் தவிர ஞாயிறு விடுமுறை இன்றும் தொடர்கிறது. அன்று ஊர் மக்கள் அங்கே காலாற நடக்கிறார்கள். நம் புல்தரையில் பத்து நாள் கயிறு கட்டினாலே செயலாளருக்கு எத்தனை போன் வருகிறது!

மகன் டாமி அப்பாவையும் மிஞ்சிய ஆட்டக்காரர். ஓபனை நான்கு முறை வென்றார். 1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் நார்த் பெர்விக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, டாமியின் மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்து என்று தந்தி வந்தது. படகு பிடித்து ஊர் திரும்பினார்கள். அதற்குள் தாயும் சிசுவும் போய்விட்டார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் காலையில் டாமியும் இறந்து கிடந்தார். வயது 24. அடுத்த ஆண்டே டாமின் மனைவியும் காலமானார். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவருக்கு முன்பே போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வண்டியையும் மண்வெட்டியையும் அவர் விடவில்லை. 1903 வரை அந்த வேலையில் இருந்தார். இடையில் பல ஊர்களுக்குப் போய் மைதானம் அமைத்துக் கொடுத்தார். மியர்ஃபீல்ட், அயர்லாந்தின் லாஹின்ச் எல்லாம் அவர் போட்ட மைதானங்கள். அவர் உண்டாக்கிய 18-ஆம் கிரீன் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

1908 மே 24 அன்று ஊரிலுள்ள ஒரு கிளப்பின் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். 87 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் ஆட்டம் இல்லை.