ஊமைத்துரை: துரும்பும் படையும்

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி, பேச்சுத்திறன் அற்றவர். மக்கள் அவரை ஊமைத்துரை என்றே அறிவர். அச்சொல்லை இன்று நாம் தவிர்க்கிறோம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிப் படையைச் சைகையாலேயே நடத்தினார். இடது உள்ளங்கையில் வைக்கும் சில துரும்புகள் ஆங்கிலப் படை. மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்தால் தாக்குதல். எதிரணி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே இதனைப் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு நவம்பரில் அவரும் தூக்கிலிடப்பட்டார்.

துரும்புக்கும் படைக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை, அத்தொடர்பு கற்றுக்கொள்ளப்படுவது. பேச்சு வராத குழந்தைக்குச் சைகை கற்பிக்கையில், தம்ளர், தட்டு இரண்டையும் குழந்தை பார்த்த பின்னரே எடுக்கச் சொல்லுங்கள். பாராமல் எடுக்கும் குழந்தை, பொருளை விடுத்து அது இருந்த பக்கத்தை மட்டும் கற்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி வையுங்கள்.