சிசிலி வில்லியம்ஸ்

சிசிலி வில்லியம்ஸ் (டிசம்பர் 2, 1893 - ஜூலை 13, 1992) ஜமைக்காவில் பிறந்த குழந்தை நல மருத்துவர் ஆவார். கடுமையான ஊட்டக்குறைவினால் குழந்தைகளுக்கு உண்டாகும் குவாஷியோர்கர் என்னும் நோயை அப்பெயருடன் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. இதையொத்த விவரிப்புகள் முன்னரும் வேறு சில நாடுகளில் வெளிவந்திருந்தன. எனினும் அவை பரவலாகக் கவனிக்கப்படவில்லை. உலக சுகாதார அமைப்பின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகப் பணியாற்றினார். ஏற்கனவே பட்டம் பெற்றுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் குழந்தை ஊட்டம் பற்றி மீண்டும் கற்பிப்பதில் தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

பிறப்பும் கல்வியும்

ஜமைக்காவில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவரின் மகளாகப் பிறந்த சிசிலி, பள்ளிப் படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் சாமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தும், குடும்பச் சூழலால் அதனைத் தள்ளி வைத்து, தந்தையின் மறைவுக்குப் பின்னரே மருத்துவம் படிக்கச் சென்றார். முதல் உலகப் போரினால் மருத்துவர்கள் போதாமல் போன காலம் அது. ஆகவே பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 1923 ஆம் ஆண்டு பட்டம் பெற்று இலண்டன் மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணிபுரிந்த பின், 1929 இல் வெப்பமண்டல மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்து, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

குவாஷியோர்கர்

அன்று கோல்டு கோஸ்ட் என அழைக்கப்பட்ட இன்றைய கானாவிற்கு அனுப்பப்பட்ட சிசிலி, அக்ராவில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் பலர் கைகால் வீங்கி, தோலில் கருந்திட்டுகள் தோன்றி உரிந்து, எதிலும் நாட்டமின்றி இறந்து கொண்டிருந்தனர். இது என்ன நோய் என்பதற்கு அவர் கற்ற நூல்களில் விடை இல்லை. உள்ளூர் மக்களிடம் விசாரித்தபோதுதான், கா மொழியில் இதற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருப்பது தெரிய வந்தது. அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நிறுத்தப்பட்ட குழந்தை மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே நம்பியிருந்தது.

தமிழ் வழக்கில் உள்ள சவலைப்பிள்ளை என்னும் சொல்லும் ஏறக்குறைய இதே பொருளைத் தருவது கவனிக்கத்தக்கது. பள்ளிப் பாடநூல்களில் மராஸ்மஸ் என்பதற்கு இணையாகச் சவலை என்று எழுதும் வழக்கம் உண்டு. சொற்பொருளை மட்டும் பார்த்தால் அது குவாஷியோர்கருக்கே நெருக்கமானது.

1933 இல் குழந்தை நோய்களுக்கான ஆங்கில ஆய்விதழில் சிசிலி இந்நோயைப் பற்றி எழுதினார். வெப்பமண்டல நோய்களில் பெயர் பெற்றிருந்த இலண்டன் மருத்துவர் ஹியூ ஸ்டான்னஸ், இது புதிய நோயன்று, பெல்லாகராவே என்று மறுத்தார். பெல்லாகராவும் மக்காச்சோளம் உண்பவர்களுக்கு வருவது, தோலையும் தாக்குவது. ஆகவே இந்த ஐயம் முற்றிலும் பொருளற்றது எனக் கூற இயலாது. ஆனால் தோல் திட்டுகள் தோன்றும் இடங்களும் நோயின் போக்கும் வேறு என்பதைச் சிசிலி நேரில் கண்டிருந்தார். 1935 இல் லான்செட் இதழில் உள்ளூர்ப் பெயரையே தலைப்பாக வைத்து மீண்டும் எழுதினார். இருந்தும் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர்கள் பலர் குழந்தைப் பெல்லாகரா என்றே பல ஆண்டுகள் கருதி வந்தனர். நோயின் பெயர் தவறாகப் பயிற்றுவிக்கப்பட்டதால் குழந்தைகளுக்குத் தேவையான உணவு கிடைக்காமல் போனது என்பதே இந்த விவாதத்தின் துயரமான பக்கம்.

மலாயாவும் சிறைவாசமும்

1936 இல் மலாயாவிற்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார். செவிலியர் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மார்களிடம் இனிப்பூட்டிய டப்பாப்பாலை வாங்கச் சொல்லி வந்ததைக் கண்டு, 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பாலும் கொலையும் என்னும் பொருளில் உரையாற்றினார். தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறை வருவதற்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். இடையில் சப்பானிய இராணுவக் காவல்துறையினரால் மாதக்கணக்கில் விசாரணைக் கூண்டில் வைக்கப்பட்டு, பெரிபெரி நோய்க்கும் ஆளானார். சிறை முகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்து உயிர் பிழைத்ததாகப் பின்னர் பதிவு செய்துள்ளார்.

கற்பித்தல் பணி

1948 இல் உலக சுகாதார அமைப்பில் பொறுப்பேற்ற சிசிலி, பின்னர் தென்கிழக்காசியப் பகுதிக்கும் ஆலோசகராக இருந்தார். 1960களின் தொடக்கத்தில் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய் சேய் நலப் பேராசிரியராகப் பணிபுரிந்தார். நோயைக் குணப்படுத்துவதும் தடுப்பதும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்து கிடப்பதை அவர் ஏற்கவில்லை. குழந்தையின் வீட்டைப் பார்க்காத மருத்துவருக்கு ஊட்டக்குறைவு புரியாது என்பது அவரது உறுதியான கருத்து. ஆகவே வீடுகளுக்குச் செல்வதைப் பயிற்சியின் பகுதியாக வலியுறுத்தினார். டெரிக் ஜெல்லிஃபுடன் இணைந்து தாய் சேய் நலச் சேவைகள் பற்றி எழுதிய நூல் 1972 இல் வெளிவந்தது.

இத்தகைய பணியிடைப் பயிற்சி ஏன் தேவை என்பதற்குக் குவாஷியோர்கரின் வரலாறே சான்று. 1950களிலும் 1960களிலும் இந்நோய் புரதக் குறைவால் வருவது என்றே கற்பிக்கப்பட்டது. புரதம் மிகுந்த மாவுகளைத் தயாரிப்பதில் பன்னாட்டு அமைப்புகள் முனைந்தன. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஐதராபாத்தில் நடத்திய ஆய்வுகளில், குவாஷியோர்கர் வந்த குழந்தைகளும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் உண்ட உணவில் பெரிய வேறுபாடு இல்லை எனவும், மொத்த உணவே போதவில்லை எனவும் கண்டார். 1974 இல் பெய்ரூத்தில் இருந்த டொனால்டு மெக்லாரன், புரதத்திற்குத் தரப்பட்ட மிகை முக்கியத்துவத்தை லான்செட் இதழில் கடுமையாகச் சாடினார். அதற்கு முன் படித்து முடித்தவர்கள் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. வீக்கம் ஏன் உண்டாகிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. குன்னூரில் தோன்றி ஐதராபாத்திற்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பணியிலுள்ள மருத்துவர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தி வந்துள்ளது.

மறைவு

1965 இல் பிரித்தானியக் குழந்தை மருத்துவர்களின் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கம் பெற்றார். முதுமையிலும் பல நாடுகளுக்குச் சென்று விரிவுரைகள் ஆற்றிய சிசிலி, 1992 ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் தமது 98 ஆம் வயதில் காலமானார்.