புகையை ஒழித்தார், சுடரை ஒழிக்க முடியவில்லை

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்படும் வரை, நிலத்தடிப் பாறையைப் பிளந்தது வெடிமருந்துதான். அந்த வம்சத்தின் மூலபுருஷர் ஆல்பிரட் நோபல். 1833-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1864-ல் நைட்ரோகிளிசரின் வெடித்துத் தம்பி எமில் மாண்டார். அதன் பிறகும் முயற்சியை விடாது, 1867-ல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றார்.

துப்பாக்கிக்கும் அவர் மருந்து செய்தார் என்பதைப் பலர் அறியார். பழைய கரிமருந்தைச் சுட்டால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். எதிரில் புகைமண்டலம், குழாயில் கசடு. 1887-ல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோசையும் சரிபாதி கலந்து, நம் பூஜையறைக் கற்பூரத்தையும் சிறிது சேர்த்து 'பாலிஸ்டைட்' செய்தார். அது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறியது. புகை ஒழிந்தது.

சுடர் ஒழியவில்லை. சூடான கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் துப்பாக்கி வாயில் காற்றைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். குட்டைக் குழாய்க் கைத்துப்பாக்கியிலோ, மருந்து எரிந்து தீருமுன் குண்டு வெளியேறிவிடும். எரியாத துகள்களும் கூடவே தெறிக்கும்.

மருந்தை இத்தாலிக்கு விற்றதால், அவர் குடியிருந்த பிரான்சு அவரை ஒற்றர் என்று சந்தேகித்தது, ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 1891-ல் இத்தாலியின் சான் ரெமோ நகருக்குக் குடிபெயர்ந்தார். பிரிட்டிஷார் சிறிது மாற்றி 'கார்டைட்' செய்தபோது வழக்காடினார், 1895-ல் தோற்றார். அடுத்த ஆண்டு டிசம்பர் 10-ல் காலமானார். நீலகிரி அருவங்காட்டில் பின்னர் எழுந்த கார்டைட் தொழிற்சாலையின் பெயர், அவர் தோற்ற அந்த மருந்தின் பெயரே.