மதுரையை நிழற்படமாக்கிய டிரைப் துரை

மதுரை நகரினின்று வடகிழக்கே நோக்குவார்க்கு யானைமலை, துதிக்கை நீட்டிப் படுத்த களிறு போலத் தோன்றுவதை இந்நகர வாசிகள் யாவரும் அறிவர். அதனைப் படம் பிடிக்க முயலாத மாணவர் நம்முள் அரியர். வேம்பு பூத்து, அரசு செந்தளிர் ஈனும் இளவேனிற் காலத்தில், விடுமுறை நாள்தோறும் நம் நண்பர் சிலர் அம்மலையடிக்கும் வைகைக் கரைக்கும் புறப்படுவதும், மாலையில் வெளிறிய வானமும் கருகிய மரங்களுமாகிய படங்களோடு மீள்வதும் வழக்கமாயிருக்கின்றன. இக்குறையோடு நமக்கு நெடுநாள் முன்னரே போராடிய ஒருவர், 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே மலையின் முன் தம் பெட்டியை நிறுத்தினார். அவர்தாம் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் என்னுந் துறைமுக நகரிற் பிறந்தார். செடிகொடிகளுக்கெல்லாம் முறைப்படி பெயரிட்ட சுவீடன் தேசத்துப் பேரறிஞரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து, 12ஆவது சுதேசிக் காலாட்படையில் உத்தியோகம் வகித்தார். பத்தாண்டுக்கு மேல் இந்நாட்டிற் பணிசெய்த பின் விடுமுறையில் தாயகஞ் சென்றபோதுதான், அங்கே புதிதாய்ப் பரவிவந்த நிழற்படக் கலை அவர் மனத்தைக் கவர்ந்தது. 1853இல் இலண்டனில் தொடங்கிய நிழற்படச் சங்கத்தில் அவரும் உறுப்பினரானார். துறைமுகத்திற் பழுது பார்க்க நிறுத்திய கப்பல்களே அவருடைய தொடக்கப் படங்கள்.

1854இல் இந்தியாவுக்குத் திரும்பியவர், ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களின் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்களுள் அறுபத்தெட்டு, 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பெற்றுப் பரிசும் பெற்றன. அவ்வாண்டே ஆர்தர் பேயர் என்பார் தலைமையில் பர்மிய மன்னரிடஞ் சென்ற தூதுக்குழுவோடு டிரைப்பும் அனுப்பப்பட்டார். மழை, நோய், பயணத்தின் அவசரம் ஆகிய மூன்றும் அவரை அலைக்கழித்தன. எனினும் இருநூற்றுக்கு மேற்பட்ட மறிநிலைத் தாள்களுடன் மீண்டார். அவற்றுள் 120ஐத் தெரிந்து, ஐம்பது தொகுதிகளாக, ஆறாயிரம் படிகளை அச்சிட்டுத் தந்தார். ஒவ்வொரு படியும் வெயிலில் வைத்துத் தனித்தனியே எடுக்க வேண்டியது என்பதை நினைத்தால், அம்மனிதரின் பொறுமை எத்தகையதென்று புலனாகும்.

ஆளுநர் ஹாரிஸ் பிரபு காலத்தில், 1856ஆம் ஆண்டின் இறுதியில், அவர் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டு வடநாட்டிற் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அது முற்றும் அடங்குமுன், 1857 டிசம்பரில், டிரைப் தம் சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பெங்களூரினின்று தென்றிசை நோக்கிப் புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனத் தொடர்ந்து, ஏறக்குறைய நாலரை மாதத்தில் சென்னையை அடைந்தார். மதுரையில் அவர் தங்கியது 1858 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானந் தெளிந்து, கோடைத் தூசு இன்னும் எழாத பருவம் அது. அப்பருவமே இப்பக்கத்தில் படத்துக்கு உகந்ததென்பது நம் கருத்து. இளவேனிலிற் புறப்படுவோர் அதன் தொடக்கத்தையே பற்றிக்கொள்ளுதல் நலம். சித்திரை வெயிலின் நடுப்பகலில் மலையும் மரமும் ஒரே வெளிறலாய்ப் போய்விடுகின்றன.

டிரைப் கையாண்ட முறையைச் சிறிது விளக்குவாம். அவர் பெரிதும் பயன்படுத்தியது கண்ணாடித் தகடன்று, காகிதமே. வெள்ளி உப்புக்களில் தோய்த்த தாளைப் பெட்டியில் வைத்து ஒளிகாட்டி, மருந்திட்டு உருத்தோன்றச் செய்வர். மெழுகு ஊட்டி அத்தாளில் ஒளி ஊடுருவுமாறு செய்வர். அத்தாளின் அளவே படத்தின் அளவுமாதலின், ஓரடிக்கு மேல் நீளமுள்ள தாள்களை ஏற்கும் பெரும் பெட்டியைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒளிகாட்ட நெடுநேரஞ் செல்லும்; அதற்குள் காற்றில் அசையும் இலையெல்லாம் புகைபோற் கலங்கிவிடும். மற்றொன்று, அந்நாளைய தாள் நீல ஒளியை விரைந்து பற்றும். பச்சையை எளிதில் பற்றாது. ஆதலின் வானம் வெறும் வெண்மையாகவும், பசுமரம் கரிய திரளாகவும் பதியும். நம் இளவேனிற் சோலைகளின் அழகெல்லாம் அக்கருமையில் மறைந்துபோகும்.

டிரைப் இதற்கு இரண்டு வழி கண்டார். அசையாத பொருளைத் தேடிச் சென்றது ஒரு வழி. பாறை அசையாது, தூண் அசையாது, காற்றில்லாத வேளையில் குளத்து நீரும் அசையாது. யானைமலையை யாவரும் பக்கவாட்டிற் கண்டு மகிழ, அவர் அதன் முனைப்புறம் நின்று எடுத்த படம் ஒன்று உண்டு. அங்கே நாம் பழகிய களிற்றைக் காணோம்; கல்லின் பருமையும் அதன்முன் கிடக்கும் வெட்டவெளியுமே காண்கின்றோம். எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்பதில் அவர் எத்துணைக் கருத்துடையவர் என்பதற்கு இப்படம் ஒன்றே போதும். மற்றொரு வழி தூரிகை. மறிநிலைத் தாளின்மேல் வண்ணந் தீட்டி, வானத்தில் மேகங்களை அமைத்தார். கருகிய மரத்தில் இலைகளின் ஒளியைப் புள்ளி புள்ளியாய் மீட்டார். இது நேர்மையாகுமோ என்று நம் நண்பர் சிலர் வாதாடுவதுண்டு. மேகமில்லாத வானத்தில் மேகம் வரைந்தது நமக்கும் ஒப்புதலன்று. ஆயினும் மரத்தின்மேல் மெய்யாகவே இருந்து, தாள் காணத் தவறிய ஒளியை அவர் திரும்பச் சேர்த்தது வேறு. அதைப் பொய்யென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. கைபேசியில் விரலால் ஒற்றி வானத்தை மாற்றும் இக்காலத்தவர் இவ்விரண்டனையும் பிரித்தறிதல் வேண்டும்.

மதுரையில் அவர் எடுத்தவற்றுள் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூண் முதலியன உள்ளன. திருமலை நாயக்கர் மகாலின் படங்கள் தனிச்சிறப்புடையன. பின்னாளில் நேப்பியர் பிரபு அம்மாளிகையைப் பழுது பார்க்கச் செய்ததற்கு முந்திய சிதைந்த நிலையை அவை காட்டுகின்றன. வைகையின் குறுக்கே தாழ்ந்து கிடந்த தரைப்பாலத்தோடு நகரைக் காட்டும் படமும் ஒன்றுண்டு. இன்று நாம் கடக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889இல்தான் ஏற்பட்டது. இம்மதுரைத் தொகுதியின் சில பகுதிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர், பசுமலையில் அமெரிக்க மிஷனின் கல்விநிலையத்தை நடத்திவந்த வில்லியம் டிரேசி ஐயர் அவர்கள். அப்பசுமலையிலேயே 1881இல் அமெரிக்கன் கல்லூரி தோன்றியதை அறிந்த நம் வாசகர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும்.

நிற்க. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்புறத்துக் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். படைவீரர்க்குரிய கட்டுப்பாடும் அளவுநூற் பயிற்சியும் இல்லாதவர்க்கு அது கைகூடுவதன்று. அவருக்குத் துணையாயிருந்தவர்களுள் ஐயாசாமி என்னும் இந்நாட்டவர் ஒருவர். வண்டியிற் சுமந்தும், இரவில் தாள் தோய்த்தும் உழைத்த ஏனையோர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவருடைய படங்களில் மனிதரைக் காண்பதும் அரிது. தாளின் மந்தம் அதற்கு ஒரு காரணமாகலாம்; அரசாங்கம் அவரிடம் வேண்டியது கட்டடங்களின் பதிவே என்பது மற்றொரு காரணம். திருவிழாக்களுக்குப் பேர்போன மதுரையை ஆளற்ற ஊராகக் காண்பது நமக்குச் சிறிது ஏக்கத்தையே தருகின்றது.

1858, 1859ஆம் ஆண்டுகளில் இத்தொகுதிகள் வெளிவந்தன. அதற்குள் கிளர்ச்சியின் செலவால் அரசாங்கத்தின் பொக்கிஷம் மெலிந்திருந்தது. 1859இல் புதிய ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெலியன் துரை, நிழற்படத் தொழிலை வீண் ஆடம்பரமெனக் கருதி, அதனை நிறுத்தும்படி கட்டளையிட்டார். 1860இல் வேலை அடியோடு முடிந்தது. அப்பொழுது டிரைப்புக்கு வயது முப்பத்தெட்டு. பல மாவட்டங்கள் இன்னும் படமாகாமலே நின்றுவிட்டன. ஆளுநர்க்குப் பணத்தைக் காக்கும் கடமை இருந்ததென்பதை மறுக்கவில்லை; ஆயினும் அன்று மிச்சப்பட்ட பணம் இன்று எங்கே என்று கேட்பார் இல்லை, படங்களைத் தேடுவாரோ பலர்.

அதன்பின் டிரைப் படைத்தொழிலுக்கே திரும்பினார். சில ஆண்டு கழித்துப் பர்மாவில் இருந்தபோது சிற்சில படங்கள் எடுத்ததன்றி, அக்கலையில் அவர் பெரிதாக ஒன்றுஞ் செய்யவில்லை. ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்கே சென்று, சங்கு சிப்பிகளையும் பவளங்களையும் சேகரிப்பதிற் பொழுது போக்கினார். மணஞ்செய்து கொள்ளாதவராய், 1902ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் காலமானார்.

அவர் எடுத்த படங்கள் இலண்டன் நூலகத்திலும் பொருட்காட்சிச் சாலைகளிலும் பாதுகாக்கப்படுகின்றன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் அவற்றைத் தனிக்காட்சியாக வைத்தனர். யானைமலையைக் கண்டறியாத மக்கள் அங்கே அதன்முன் நின்று நோக்கிச் சென்றனர்.