தாளில் ஆடிய சதுரங்கப் பொறி

கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை உடைக்கும் பணியில் முன்னின்றார்.

போருக்குப்பின், 1948இல், நண்பர் டேவிட் சாம்பர்னோனுடன் இணைந்து சதுரங்கம் ஆடும் நிரலை வகுத்தார். அதனை இயக்கவல்ல கணினி அன்று இல்லை. எனவே, தாமே பொறியாகித் தாளில் கணக்கிட்டு ஆடினார்.

சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, அரசிக்கு 10 என மதிப்பளித்தார். ஒரு நகர்வையும் அதற்குரிய மறுநகர்வையும் ஆராய்ந்து, வெட்டுகள் தொடர்ந்தால் அவை ஓயும்வரை எண்ணுவதே அவரது முறை. காய்க்கணக்கு சமமானால் மட்டுமே அரசனின் பாதுகாப்பு முதலியன கருதப்பட்டன. தேர்ந்த வீரர் தொடக்கத்திலேயே குதிரையைப் பலிகொடுத்து, பல நகர்வுகளுக்குப்பின் அதன் பயனைப் பெறுவார். அந்நிரலுக்கோ அது 3 புள்ளி இழப்பாகவே தோன்றும். வரவிருக்கும் பயன் அதன் பார்வைக்கு எட்டாது. 1952இல் அலிக் கிளென்னியுடன் ஆடிய ஆட்டத்தில், 29ஆம் நகர்வில் அரசியை இழக்கும் நிலையில் அது தோற்றது.

அதே ஆண்டில், தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதிய சட்டம் டூரிங்கைத் தண்டித்தது. 1954 ஜூன் 7 அன்று, தம் 41ஆம் வயதில் அவர் மறைந்தார். 2013இல்தான் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

இன்றைய சதுரங்கப் பொறிகள் கோடிக்கணக்கான ஆட்டநிலைகளிலிருந்து கற்று, பலியின் பயனையும் எடைபோடுகின்றன. எனினும், ஆட்டநிலையை எண்ணாக மதிப்பிடும் அவரது வழியிலேயே அவையும் நடக்கின்றன.