வங்கம் தந்த வித்தியாசாகரர்

மேற்கு வங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு வித்தியாசாகரர் என்னும் பெயர் புதியதன்று. கங்கையின்மீது அமைந்த பாலத்துக்கும், பல பள்ளிகளுக்கும், மேதினிபூரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் அப்பெயரே வழங்குகின்றது. நம் குழந்தைகள் வங்க எழுத்தைப் பழகப் புகுந்தால் முதலில் கையில் எடுப்பது 1855-இல் அவர் எழுதி வெளியிட்ட வர்ணபரிசயம் என்னும் சிறு நூலையே. நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய கரக்பூரும், அவர் பிறந்த பீர்சிங்கா என்னும் சிற்றூரும் இன்று மேற்கு மேதினிபூர் மாவட்டம் ஒன்றிலேயே அடங்கியவை. அண்டை ஊர்ப் பெரியவரின் வரலாற்றை அறியாதிருத்தல் முறையன்று ஆதலின், இவ்வாண்டு மலரில் அதனைச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

பிறிதொரு காரணமும் உண்டு. நாம் ஒவ்வொருவரும் ஒரே நாளில் பல வேடம் பூணுகின்றோம். ஆபீசில் மேலதிகாரியின் முன் ஒரு குரல். கீழ்ச் சிப்பந்தியிடம் வேறொரு குரல். கடைத்தெருவில் ஒரு மொழி. சங்கத்தில் ஒரு மொழி. மேடையில் ஒரு கொள்கை பேசி, வீட்டில் அதற்கு மாறாக நடப்பதும் உண்டு. உத்தியோகமும் ஊரும் உறவும் கேட்கும் வேடங்களையெல்லாம் அணிந்துகொண்டே ஒருவன் தன்னை இழவாது வாழ முடியுமா? இவ்வினாவுக்கு வித்தியாசாகரரின் வாழ்க்கை ஒரு நல்ல விடை எனக் கருதுகின்றோம்.

ஈசுவரசந்திரர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பிறந்தார். தந்தை தாகூர்தாசர் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்தவர். தாய் பகவதி தேவியார். 1828-இல் எட்டு வயதுச் சிறுவனைத் தந்தையார் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். ஹௌராவிலிருந்து முதல் ரயில் ஓடியது 1854-இல் ஆதலின் அன்று நடைப்பயணமே கதி. வழியில் நட்டிருந்த மைல்கற்களைப் பார்த்தே அச்சிறுவன் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான். நகரில் அவர்கள் தங்கிய வீட்டில் ராய்மணி என்னும் விதவை அம்மையார் அவனைப் பெற்ற பிள்ளைபோற் பேணினார். அந்த அன்பை ஈசுவரசந்திரர் முதுமையிலும் நன்றியோடு நினைந்து எழுதினார்.

சமஸ்கிருதக் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்ற அவர், 1841-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்க்குத் தலைமைப் பண்டிதராக அமர்ந்தார். சீமையிலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்கு நம் நாட்டு மொழி கற்பிப்பது அங்கே தொழில். அங்கிருந்தபோதே தாமும் முயன்று ஆங்கிலம் கற்றார். 1846-இல் சமஸ்கிருதக் கல்லூரியின் உதவிக் காரியதரிசியானார். பாடமுறையைச் சீர்திருத்த அவர் வகுத்த திட்டத்தை மேலிடம் ஏற்காமையால் அடுத்த ஆண்டே வேலையை விட்டார். இனி எப்படிப் பிழைப்பார் என்று சிலர் ஏளனம் செய்தபோது, காய்கறி விற்றேனும் உண்பேனேயன்றி மதிப்பில்லாத உத்தியோகத்தில் இரேன் என்னும் கருத்துப்படக் கூறினாராம். காய்கறி விற்கும் நிலை வரவில்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து 600 ரூபாய் கடன் வாங்கி அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவரை எவர்க்கும் தலைவணங்காது வாழவைத்தது நூல்களால் வந்த அவ்வருவாயே.

குமாஸ்தாக்களாகிய நாம் மகிழத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. 1849-இல் அவர் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைக் குமாஸ்தாவாகவும் பொக்கிஷக் கணக்கராகவும் மாதம் 80 ரூபாயில் பணிபுரிந்தார். மகா பண்டிதர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் அவர் புலமை குறைந்துவிடவில்லை. 1851-இல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானார். 1855-இல் நான்கு மாவட்டங்களின் பள்ளி இன்ஸ்பெக்டர் பதவியும் சேர்ந்தது. பண்டிதர், குமாஸ்தா, முதல்வர், இன்ஸ்பெக்டர், அச்சகத்தார், நூலாசிரியர் என எத்தனை நாற்காலி மாறினும், முரட்டு வேட்டியும் மேலே ஒரு சாதரும் காலில் நாட்டுச் செருப்புமே அவர் உடை.

லெப்டினன்ட் கவர்னர் ஹாலிடே அவரிடம் பெருமதிப்பு வைத்தவர். தம்மைக் காண வரும்போது அரசவைக்குரிய சட்டையும் காலணியும் அணிந்து வரவேண்டினார். வித்தியாசாகரர் இரண்டொரு முறை அவ்வாறே சென்றார். பிறகு, இவ்வுடையில் தமக்குத் தாமே அயலாராகத் தோன்றுவதால் இனி வருவதற்கில்லை என்று மரியாதையோடு தெரிவித்தார். கவர்னர் சிரித்து, விரும்பிய உடையிலேயே வரலாம் என்றாராம். 1874-இல் காசியிலிருந்து வந்த அறிஞர் ஹரிச்சந்திரரோடு கல்கத்தாப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றபோது, ஆங்கிலக் காலணி அணிந்தவரை உள்ளே விட்ட காவலன், நாட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வருமாறு இவரைத் தடுத்தான். அவர் சச்சரவிடாமல் திரும்பினார். வீடு சேர்ந்து, ஒரே வாயிலில் இருவகைக் காலணிக்கு இருவகை நீதி ஏன் என்று கடிதம் எழுதினார். பொருட்காட்சியாரும் ஏசியாடிக் சங்கத்தாரும் ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைச் சுமத்தினர். ஆபீஸ் கடிதப் போக்குவரத்தில் பழகிய நமக்கு அது வியப்பாக இராது.

இதனைக் கொண்டு அவர் எதையும் மாற்ற விரும்பாத பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடலாகாது. மாற்றவேண்டியதை அவரைப்போல் மாற்றியவர் சிலரே. பிராமணரும் வைத்தியருமே பயின்ற கல்லூரியை முதலில் காயஸ்தர்க்கும், சில ஆண்டுகளில் ஏனைய இந்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். பிரதமை, அஷ்டமி நாட்களில் விட்ட விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். பண்டிதர்களின் கல்லூரியில் ஆங்கிலத்தையும் மேனாட்டுக் கணிதத்தையும் புகுத்தினார். உடை, மொழி, விடுமுறை முதலியவற்றில் எதனைத் தளர்த்தலாம், எதனைத் தளர்த்தலாகாது என்பதை அவர் தம் மனச்சாட்சியைக் கேட்டே தீர்மானித்தார். பதவியைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

அவர் வாழ்வின் பெரும்பணி விதவை மறுமணச் சட்டம். சாத்திரம் கற்ற பண்டிதராகவே அவர் அப்போரில் இறங்கினார். பராசர ஸ்மிருதியை ஆதாரமாகக் காட்டி நூல் எழுதினார். 1855 அக்டோபரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அரசுக்கு அனுப்பினார். எதிர்த்தவர்களின் விண்ணப்பத்திலோ கையொப்பம் 30,000-க்கு மேல். எண்ணிக்கை கண்டு அவர் தளரவில்லை. 1856 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் முதல் மணம் நடந்தது. தொடர்ந்து நடந்த மணங்களுக்குத் தாமே பொருள் உதவிப் பெருங்கடனாளியானார். பெண்கல்வியிலும் இவ்வாறே. 1857 நவம்பர் முதல் 1858 மே வரை 35 பெண்பள்ளிகளை நிறுவினார். செலவை ஏற்க அரசு தயங்கியபோது ஆசிரியர் சம்பளம் அவர் தலையில் விழுந்தது. மேலதிகாரியோடு கருத்து வேறுபாடும் முற்ற, 1858-இல் மாதம் 500 ரூபாய் தந்த பதவிகளைத் துறந்தார். அப்போது வயது 38. அக்காலத்து 500 ரூபாயின் பெறுமானத்தை நம் பாட்டனார் நன்கு அறிவர்.

ஊருக்கு உரைத்ததைத் தம் வீட்டிலும் செய்தார். 1870-இல் தம் ஒரே மகன் நாராயணசந்திரன் ஒரு விதவைப் பெண்ணை மணக்க முன்வந்தபோது, உறவினர் விலகுவர் என்ற அச்சுறுத்தலையும் மனைவியாரின் வருத்தத்தையும் தாங்கி அம்மணத்தை நடத்திவைத்தார். பிறர் பிள்ளைகளுக்கு மறுமணம் செய்வித்துத் தம் பிள்ளைக்குக் கன்னியைத் தேடியிருப்பின் ஊரில் தலைநிமிர முடியாது என்பது அவர் கருத்து.

ஆயினும் இந்நேர்மைக்கு விலை உண்டு. 1869-இல் ஒரு திருமணம் நடவாது என்று பீர்சிங்காவில் சிலர்க்கு அவர் கொடுத்த வாக்கைத் தம்பிமார் மீறி அதனை நடத்திவிட்டனர். வாக்குத் தவறியவர் என்ற சொல்லைப் பொறாது ஊரைவிட்டுப் புறப்பட்டவர், பின் அங்கே திரும்பவில்லை. அருமை மகனின் நடத்தை பிடிக்காமையால் 1875-இல் எழுதிய உயிலில் அவனையும் விலக்கினார். கருணைக்கடல் எனப் பெயர் பெற்றவர் தம் வீட்டில் இத்துணைக் கடுமை காட்டியது சரிதானா என்று நாமும் நம் வீட்டாரோடு கூடிப் பேசிப் பார்த்தோம். ஒருமித்த முடிவு கிட்டவில்லை. தந்தை என்னும் வேடத்தில் சிறிது வளைந்திருக்கலாகாதா என்று தாய்மார் கேட்பதில் நியாயம் உண்டு. அவர் குறையற்ற மனிதர் என்று எழுத நாம் முற்படவில்லை. பிறர்க்கு ஒரு அளவு, தமக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளாதவர் என்ற அளவே நாம் துணிந்து கூறுவது.

அவர் கருணைக்கும் வேடம் இல்லை. 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பீர்சிங்காவில் கஞ்சித்தொட்டி திறந்தார். எண்ணெய் காணாத தலையோடு வந்த ஏழைப் பெண்களுக்கு எண்ணெய் வழங்கச் செய்தார். தாழ்ந்த குலத்தவரெனத் தீண்ட அஞ்சிப் பரிமாறுவோர் எட்ட நின்று வார்க்கக் கண்டு, தாமே அருகிற் சென்று தலையில் தேய்த்துவிட்டார். சாதரணிந்து கவர்னருக்கு முன் அமர்ந்த அந்தணரின் கைகளே அவை.

இறுதிக்காலத்தில் கல்கத்தாவின் ஆரவாரம் வெறுத்து, இரயில்பாதையை ஒட்டிய கர்மாட்டார் என்னும் ஊரில் வீடு அமைத்துச் சந்தால் மக்களிடையே பலகாலம் வாழ்ந்தார். 1878-இல் அங்கே சென்ற இளம் அறிஞர் ஹரப்பிரசாத சாஸ்திரியார் தாம் கண்டதை எழுதிவைத்துள்ளார். காலையில் சந்தால்கள் மக்காச்சோளக் கதிர்களைக் கொண்டுவருவர். வித்தியாசாகரர் பேரம் பேசாது கேட்ட விலைக்கு வாங்கிக் குவிப்பார். பகலில் அவர்களே பசியென்று வருவர். வாங்கிய கதிரையே எடுத்து அவர்களுக்கு உண்ணக் கொடுப்பார். ஹோமியோபதி மருந்தை ஏந்தி வயல்வெளி நடந்து நோயாளியைப் பார்த்து வருவார். இரயில் நிலையத்தில் கூலியாளைத் தேடி நின்ற இளைஞர் ஒருவரின் பெட்டியைத் தாமே சுமந்து சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அந்நிலையத்துக்கு 1978 முதல் வித்தியாசாகர் என்பதே பெயர். அவ்வழியே செல்லும் நம் ரயில்வே அன்பர்கள் பெயர்ப்பலகையைக் கண்டால் இவற்றை நினைவிற் கொள்வாராக.

1891 ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

உத்தியோகம், குடும்பம், சங்கம், அயலூர் வாழ்வு எனப் பல வேடம் பூணாமல் நம்மால் வாழ இயலாது, அவராலும் இயலவில்லை. ஏற்ற வேலை ஒவ்வொன்றையும் அவர் முழுக்கச் செய்தார். கோப்பும் கணக்கும் பாடமும் அச்சும் எதுவும் அவரிடம் அரைகுறையாக நின்றதில்லை. ஆயினும் எந்த வேலையும் தம் வாக்கையும் மனச்சாட்சியையும் விலைகேட்கும்போது, கணக்கை ஒப்படைத்துவிட்டு எழுந்து சென்றார். அவ்வாறு எழுந்து செல்லும் வசதி நம் போன்ற குடும்பிகளுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. மேலதிகாரியிடம் காட்டும் முகத்தையே பியூனிடமும் காட்டுவதற்கும், மேடையில் பேசியதை வீட்டில் செய்வதற்கும் எந்த வசதியும் வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் வர்ணபரிசயத்தைப் புரட்டும்போது, அதனை எழுதியவரின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.